வந்த டொலர் தங்குமா, திரும்புமா? சென்மதி நிலுவைக்கு ஓர் எளிய அறிமுகம்

2022 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எரிபொருள் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. கரையில் பெற்றோல் நிலையங்களில் வரிசை நீண்டுகொண்டே போனது. கப்பலில் சரக்கு இருந்தது, வாங்க ஆள் இருந்தது, ரூபாயும் இருந்தது. கப்பல்காரர் கேட்டதோ டொலர். அதைக் கட்டும் வரை ஒரு லீற்றரும் இறங்காது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறும், அதையும் டொலரில்தான் கட்ட வேண்டும்.

ரூபாயை மத்திய வங்கி அச்சிட்டுக்கொள்ளலாம். டொலரை அச்சிட முடியாது. எதையாவது விற்றுச் சம்பாதிக்க வேண்டும். அல்லது வெளிநாட்டில் இருப்பவர் அனுப்ப வேண்டும், முதலிட வேண்டும், கடன் தர வேண்டும். இப்படி ஒரு காலப்பகுதியில் நாட்டுக்குள் வந்ததையும் வெளியே போனதையும் எழுதி வைக்கும் பேரேட்டுக்குத்தான் சென்மதி நிலுவை என்று பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதையே அயல்நாட்டுச் செலுத்துநிலை என்பார்கள்.

டொலர் நிறைய வந்தால் நாடு நன்றாக இருக்கிறது என்ற எண்ணத்தை இந்தப் பாடத்தின் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுவது நல்லது. 2019 மார்ச்சிலும் ஜூனிலும் இலங்கை அரசு பன்னாட்டுச் சந்தையில் முறிகளை (கடன் பத்திரங்களை) விற்று 4.4 பில்லியன் டொலர் திரட்டியது (ஒரு பில்லியன் என்பது 100 கோடி). அந்த ஆண்டு முடிவில் மத்திய வங்கியின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு 7.6 பில்லியன். பார்க்க நல்ல தொகைதான். அந்த ஜூனிலிருந்து மூன்று ஆண்டுகூட நிறையவில்லை, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. எவ்வளவு வந்தது என்பதைவிட எந்த வகையில் வந்தது, எப்போது திரும்பக் கேட்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

பேரேட்டின் இரண்டு பக்கங்கள்

ஒரு பக்கம் நடைமுறைக் கணக்கு. இந்தியாவில் நடப்புக் கணக்கு என்பார்கள். மற்றப் பக்கம் நிதிக் கணக்கு. (மூலதனக் கணக்கு என்று சிறியதாக ஒன்று உண்டு. தொகை அற்பம் என்பதால் தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம்.) எது எந்தப் பக்கம் என்று பிரிக்க ஒரு கேள்வி போதும்: இந்தப் பணம் வந்ததால் வெளிநாட்டவர் யாருக்காவது நம்மீது உரிமை ஏற்படுகிறதா?

ஹற்றன் தேயிலையை வாங்கியவர் பணம் கட்டினார், தேயிலை போய்ச் சேர்ந்தது, கணக்கு முடிந்தது. அறுகம்பேயில் அலைச்சறுக்கு ஆட வந்தவர் அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்ததும் அப்படித்தான். கட்டாரில் வேலை செய்யும் மகன் மட்டக்களப்பில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பியதை எந்தக் கட்டார்க்காரரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. இவை எல்லாம் நடைமுறைக் கணக்கு. வெளிநாட்டவர் ஒருவர் அரசின் முறியை வாங்கினாலோ, கொழும்புப் பங்குச் சந்தையில் பங்கு வாங்கினாலோ, கட்டுநாயக்கவில் தொழிற்சாலை போட்டாலோ அது நிதிக் கணக்கு. அங்கே பணம் வரும்போதே அதன் சொந்தக்காரரும் கூடவே வந்துவிடுகிறார்.

ஒரு வழக்கமான ஆண்டை எடுத்துப் பார்ப்போம். 2018இல் இலங்கையின் பொருள் ஏற்றுமதி 11.9 பில்லியன் டொலர், இறக்குமதி 22.2 பில்லியன். பொருள் வணிகத்தில் மட்டும் 10.3 பில்லியன் துண்டு விழுகிறது. சுற்றுலா, கப்பல் போக்குவரத்து, கணினிச் சேவை போன்றவற்றில் வரவு செலவு போக மிச்சம் ஏறத்தாழ 3.8 பில்லியன். சுற்றுலாவின் மொத்த வருமானம் மட்டும் அந்த ஆண்டில் 4.4 பில்லியன். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பியது, அதாவது பணவனுப்பல், 7 பில்லியன். இங்கிருந்து அப்படி வெளியே போனதைக் கழித்தால் 6.2 மிஞ்சும். இத்தனைக்குப் பிறகு, வாங்கிய கடனுக்கு வட்டி, வெளிநாட்டுக் கம்பனிகளின் இலாபம் என்று 2.4 பில்லியன் வெளியே போகிறது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் நடைமுறைக் கணக்கில் ஏறத்தாழ 2.8 பில்லியன் பற்றாக்குறை.

இந்தக் கணக்கில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பொருள் வணிகத்தில் விழுந்த துண்டில் பாதிக்கு மேல் அடைத்தது பணவனுப்பல்தான். தேயிலையும் ஆடையும் சேர்ந்தும் இறக்குமதிச் செலவை எட்டவில்லை. மீதியை வீட்டுப் பணிப்பெண்களும் சாரதிகளும் கட்டடத் தொழிலாளரும் வளைகுடாவில் உழைத்து ஈடுகட்டினார்கள். இலங்கையின் சென்மதி நிலுவையைத் தாங்கிய முதல் தூண் அவர்கள். கொள்கை வகுத்தவர்கள் இதை மறந்ததன் விலையைப் பின்னால் பார்ப்போம்.

மிஞ்சிய 2.8 பில்லியன் பற்றாக்குறை காற்றில் நிற்காது. யாரோ ஒரு வெளிநாட்டவர் முதலிட்டோ கடன் கொடுத்தோ அதை நிரப்ப வேண்டும். நிரப்ப ஆளில்லாத அன்று மத்திய வங்கியின் கையிருப்பு கரையும். இதைக் கோட்பாடு என்பதைவிட வரவு செலவுக் கணக்கு என்றே சொல்லலாம். பதிவில் சிக்காமல் போனவற்றுக்காகக் கடைசியில் ‘வழுக்களும் விடுபாடுகளும்’ என்று ஒரு நிரல் சேர்ப்பார்கள். அது ஆண்டுக்காண்டு ஒரே திசையில் பெரிதாகிக்கொண்டு போனால், பணம் வங்கிக்கு வெளியே ஏதோ ஒரு வழியில் கசிகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு.

வரும் பணத்திடம் கேட்க வேண்டியவை

நிதிக் கணக்குக்குள் வரும் பணம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. எந்த நாணயத்தில் திருப்ப வேண்டும், எந்தத் தேதியில், போவதா இருப்பதா என்று முடிவெடுப்பவர் யார், அந்தப் பணம் டொலர் சம்பாதிக்கும் வேலை எதற்காவது போனதா? இதைக் கேட்டாலே குணம் தெரிந்துவிடும்.

தொழிற்சாலையாக வந்த முதலீட்டை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது உற்பத்தி செய்வது ஏற்றுமதியானால் தன் இலாபத்துக்கான டொலரைத் தானே சம்பாதிக்கும். அதே முதலீடு உள்ளூரில் மட்டும் விற்கும் வணிகத்துக்குப் போனால், இலாபம் ரூபாயில் பிறந்து டொலராக வெளியேறும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நேரடி முதலீடு என்று அறிவிக்கப்படும் தொகையில் தாய்க் கம்பனி தன் கிளைக்குக் கொடுத்த கடனும், வெளியே எடுக்காமல் விட்ட இலாபமும் சேர்ந்திருக்கும். அந்த ஆண்டில் புதிதாக விமானம் ஏறி வந்த பணம் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவை தரும் கடனில் தவணை நீளம், தொடக்கத்தில் சில ஆண்டு சலுகைக் காலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முதலைக் கட்டலாம். பன்னாட்டு முறி அப்படியல்ல. 10 ஆண்டில் முதிர்வடையும் 1 பில்லியன் டொலர் முறி ஒன்றை 6 சதவீத வட்டிக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். முதலாம் ஆண்டு நிதிக் கணக்கில் 1,000 மில்லியன் வரவு, எல்லாருக்கும் மகிழ்ச்சி. அதன்பின் ஆண்டுதோறும் 60 மில்லியன் வட்டி நடைமுறைக் கணக்கிலிருந்து வெளியேறும். பத்தாம் ஆண்டில் ஒரே நாளில் 1,000 மில்லியன் கட்ட வேண்டும். ஆக மொத்தம் போவது 1,600. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பணம் ஒரு நெடுஞ்சாலையானால் சாலை ரூபாயில் சுங்கம் வசூலிக்கும், டொலர் தராது. ஆகவே முதிர்வு நாளில் புது முறி விற்றுப் பழைய முறியை அடைக்க வேண்டும். சந்தை திறந்திருக்கும் வரை இது ஓடும். மூடிய அன்று நின்றுவிடும். இலங்கை முதல் பன்னாட்டு முறியை 2007இல் விற்றது: 500 மில்லியன் டொலர், 5 ஆண்டு, 8.25 சதவீதம். 2022க்குள் இந்த வகைக் கடன் 12 பில்லியனைத் தாண்டியிருந்தது.

உள்ளூர் நாணய முறியையும் பங்கையும் வெளிநாட்டவர் வாங்குவது இன்னொரு வகை. இதில் வெளியேற ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் நாட்டுக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. ரூபாய் விழுந்தால் அந்த நட்டத்தில் வெளிநாட்டவருக்கும் பங்கு விழுகிறது. டொலர் முறியில் நட்டம் முழுவதும் கடன் வாங்கியவர் தலையில்.

அதிகமாக வந்தாலும் தொல்லை: திருப்பூர், 2007

பணம் வெளியேறும்போதுதான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2007–08 நிதியாண்டில் இந்தியாவுக்குள் வந்த நிகர மூலதனம் 100 பில்லியன் டொலரைத் தாண்டியது. டொலர் குவிந்தால் ரூபாயின் மதிப்பு ஏறும். 2007 தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டொலர், ஆண்டு முடிவில் 40க்குக் கீழே வந்துவிட்டது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பனியின் கணக்கை எண்ணிப் பாருங்கள். டி-சட்டை ஒன்றுக்கு 3 டொலர் என்று ஆர்டர் எடுத்தாயிற்று. நூல், சாயம், கூலி, பொதி எல்லாம் சேர்த்து 125 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். டொலர் 44.50 என்றால் கைக்கு வருவது 133.50, சட்டைக்கு எட்டரை ரூபாய் மிச்சம். சரக்கு அனுப்பிப் பணம் வரும்போது டொலர் 39.50 ஆகிவிட்டால் வருவது 118.50. சட்டைக்கு ஆறரை ரூபாய் நட்டம். தையலில் பிழையில்லை, தாமதமில்லை, வாங்குபவர் விலையைக் குறைக்கவும் இல்லை. மும்பைப் பங்குச் சந்தைக்குள் நுழைந்த பணம் திருப்பூர் மெஷின்காரரின் வேலையைத் தொட்டுவிட்டது. அந்த ஆண்டில் திருப்பூர் பட்ட பாட்டுக்குக் காரணம் இதுதான்.

இந்தியாவின் ரிசர்வ் வங்கி டொலரை வாங்கிக் கையிருப்பில் போட்டு ரூபாயின் ஏற்றத்தைத் தடுக்கப் பார்த்தது. டொலரை வாங்கினால் பதிலுக்குப் புது ரூபாய் சந்தைக்குள் போகும், விலைவாசி ஏறும். அந்த ரூபாயைத் திரும்ப உறிஞ்சுவதற்காக 2004இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் தனிக் கடன் பத்திரங்களை விற்றார்கள். அதற்கு அரசு கட்டும் வட்டி, கையிருப்பு டொலரில் கிடைக்கும் வட்டியைவிட அதிகம். கையிருப்பு வைத்திருப்பதற்கும் செலவு உண்டு.

திடீரென நின்றால்: இந்தியா, 2013

2013 மே 22. அமெரிக்க மத்திய வங்கியின் அப்போதைய தலைவர் பென் பெர்னான்கி, மாதந்தோறும் கடன் பத்திரங்களை வாங்கும் திட்டத்தை மெல்லக் குறைக்கலாம் என்று சொன்னார். குறைக்கவில்லை, குறைக்கலாம் என்றார். அவ்வளவுதான். அமெரிக்காவில் வட்டி ஏறப்போகிறது என்று முதலீட்டாளர் கணக்குப் போட்டார்கள். 55 ரூபாய் அளவில் இருந்த டொலர், ஆகஸ்ட் 28 அன்று 68ஐத் தாண்டியது.

வெளிநாட்டவர் விற்று வெளியேறியதை மட்டும் வைத்து இவ்வளவு வேகத்தை விளக்க முடியாது. உள்ளூர் வணிகர்களும் சேர்ந்துதான் தள்ளினார்கள். மூன்று மாதம் கழித்துப் பணம் கட்ட வேண்டிய இறக்குமதியாளர், ரூபாய் இன்னும் விழுமோ என்று பயந்து இன்றே டொலரை வாங்குகிறார். டொலர் வரவேண்டிய ஏற்றுமதியாளர், இன்னும் பத்து நாள் பொறுத்தால் கூடுதல் ரூபாய் கிடைக்குமே என்று வெளிநாட்டுக் கணக்கிலேயே விட்டு வைக்கிறார். இருவரும் சட்டத்தை மீறவில்லை, தத்தம் தொழிலைக் காக்கிறார்கள். ஆனால் வாங்குபவர் கூடி, விற்பவர் மறைந்துவிடுவதால் பயந்தது நடந்தே விடுகிறது.

இந்தியா ஏன் அடிபட்டது? 2012–13இல் அதன் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 88 பில்லியன், நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம். எண்ணெயும் தங்கமும் அதில் பெரும் பங்கு. அதை நிரப்பிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி எப்போது வேண்டுமானாலும் கிளம்பக்கூடிய பணம். ஏன் விழாமல் தப்பியது? கையிருப்பு 270 பில்லியனுக்கு மேல் இருந்தது. மத்திய அரசு வெளிநாட்டுச் சந்தையில் டொலர் முறிகள் விற்கவில்லை. தங்கத்தின் இறக்குமதி வரி 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. செப்டெம்பரில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக வந்தபோது, வெளிநாடுவாழ் இந்தியரின் டொலர் வைப்புகளை வங்கிகள் திரட்டினால், நாணய மாற்ற ஆபத்தை ஆண்டுக்கு 3.5 சதவீதச் செலவில் ரிசர்வ் வங்கியே ஏற்கும் என்று அறிவித்தார்கள். வங்கிகள் வெளிநாட்டில் வாங்கிய கடனையும் சேர்த்து 34 பில்லியன் வந்தது. அதுவும் திருப்ப வேண்டிய பணம்தான், தேதி 2016. ஆனால் இடைப்பட்ட மூன்று ஆண்டில் பற்றாக்குறையைக் குறைக்க அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தை வீணாக்காததைத்தான் பாராட்ட வேண்டும்.

அவகாசம் கிடைக்காத கதை: இலங்கை, 2019–2022

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல். சுற்றுலா சரிந்தது. அந்த ஆண்டு முடிவில் அரசு வரிகளைக் கடுமையாகக் குறைத்தது. வற் வரி (பெறுமதி சேர் வரி) 15இலிருந்து 8 சதவீதமானது. 2020இல் கொரோனா. 2018இல் 4.4 பில்லியன் தந்த சுற்றுலா, 2020இல் 0.7 பில்லியனுக்குக் கீழே போய்விட்டது. நாட்டின் கடன்தகுதி மதிப்பீடு இறங்கியது, பன்னாட்டு முறிச் சந்தை இலங்கைக்கு மூடிக்கொண்டது. புது முறி விற்றுப் பழையதை அடைக்கும் வழி இத்தோடு முடிந்தது.

இந்த இடத்தில் கடன் தந்தவர்களை அழைத்துப் பேசியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கையிருப்பிலிருந்து எடுத்து முறிகளை அடைத்தார்கள். 2022 ஜனவரி 18 அன்றுகூட 500 மில்லியன் டொலர் போனது. சில வாரம் கழித்துப் பெற்றோல் வாங்க டொலர் இல்லை. கையிருப்பு 2019 முடிவில் 7.6, 2020 முடிவில் 5.7, 2021 முடிவில் 3.1, 2022 மார்ச்சில் 1.9 பில்லியன். கடைசி இரண்டு எண்ணிலும் ஏறத்தாழ 1.5 பில்லியன் சீன மத்திய வங்கியோடு செய்த நாணயப் பரிமாற்றம். நினைத்தபோது எடுத்துச் செலவு செய்யக்கூடிய பணம் அல்ல அது. 2022 மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி, பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இதே காலத்தில் மத்திய வங்கி புது ரூபாயை உருவாக்கி அரசுக்குக் கடன் கொடுத்தது, வட்டியையும் தாழ்வாக வைத்தது. அந்த ரூபாய் கடைசியில் இறக்குமதிப் பொருளைத்தான் தேடிப் போகும். டொலருக்கான தேவை ஏறிக்கொண்டிருக்க, 2021 செப்டெம்பரிலிருந்து அதன் விலையை 203 ரூபாய்க்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்தார்கள். மிகப் பெரிய சேதம் செய்த முடிவு இது என்பது என் கருத்து. ஏனென்றால் அது கைவைத்தது பணவனுப்பலில்.

உண்டியல்

டோஹாவில் ஒரு சாரதி வீட்டுக்கு 400 டொலர் அனுப்ப நினைக்கிறார். கட்டார் ரியாலில் 1,456. வங்கி வழியாகப் போனால் 203 வீதம் 81,200 ரூபாய். 2021 டிசம்பரில் அறிவித்த ஊக்கத்தொகையையும் சேர்த்து டொலருக்கு 10 ரூபாய் கூட்டினால் 85,200. வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரர் 240 தருவதாக வைத்துக்கொண்டால் 96,000. வித்தியாசம் 10,800 ரூபாய். கட்டணமும் இல்லை, பணம் மாலைக்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அரிசி, பால்மா விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று அந்தக் குடும்பத்திடம் எப்படிச் சொல்வது?

இனி டொலருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். சாரதி கொடுத்த ரியால் டோஹாவை விட்டு நகரவே இல்லை. உண்டியல்காரரின் கூட்டாளி கொழும்பு புறக்கோட்டையில் இருக்கிறார். டுபாயிலிருந்து சரக்கு எடுக்கும் வியாபாரி ஒருவர், வங்கியில் டொலர் கிடைக்காததால், அந்தக் கூட்டாளியிடம் ரூபாயைக் கொடுக்கிறார். அந்த ரூபாய் சாரதியின் வீட்டுக்குப் போகிறது. வளைகுடாவில் தங்கிய பணம் வியாபாரியின் சார்பில் டுபாய்க்காரருக்குப் போகிறது. எல்லாருக்கும் வேலை முடிந்தது. ஆனால் ஒரு சதமும் எந்த வங்கிக்குள்ளும் நுழையவில்லை.

ஆகவே உழைப்பாளிகள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்பது பிழையான வாசிப்பு. அந்த டொலர் வீணாகவும் இல்லை, வேறு இறக்குமதியை அது வாங்கியது. கெட்டது என்னவென்றால், பெற்றோலுக்கும் மருந்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் எல்.சி. (இறக்குமதிக்குப் பணம் கட்டுவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்க வேண்டிய வங்கிகளின் கையை விட்டு அது போய்விட்டது. பதிவான பணவனுப்பல் 2020இல் 7.1 பில்லியன், 2021இல் 5.5, 2022இல் 3.8. ரூபாயைக் காப்பதாக நினைத்துப் போட்ட கட்டு, நாட்டின் முதல் தூணில் பாதியை வங்கிக்கு வெளியே தள்ளிவிட்டது.

2022 மார்ச் 7 அன்று கட்டு தளர்த்தப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாய் அளவில் நின்றது. கையிருப்பு இருந்தபோது மெல்ல மெல்ல விட்டிருந்தால் இவ்வளவு கொடிய அடியாக இருந்திருக்காது. ஏப்ரல் 8 அன்று கொள்கை வட்டி ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றப்பட்டது. ஏப்ரல் 12 அன்று கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவிப்பு. ஏப்ரல் 18 அன்று கட்ட வேண்டிய 78 மில்லியன் டொலர் வட்டி கட்டப்படவில்லை. 30 நாள் சலுகைக் காலம் மே 18இல் முடிந்தது. அந்த ஆண்டில் இந்தியா ஏறத்தாழ 4 பில்லியன் அளவுக்குக் கடனும் உதவியும் தந்திராவிட்டால் எரிபொருளும் உணவும் இன்னும் முன்னதாகவே நின்றிருக்கும். செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதே 2022இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டுகளின் பணவனுப்பலுக்குள் அந்தப் பிரிவுகள் இருக்கின்றன.

அறிக்கையை எப்படி வாசிப்பது

இலங்கை மத்திய வங்கி வெளிநாட்டுத் துறைச் செயலாற்றம் பற்றி மாதந்தோறும் அறிக்கை தருகிறது. இந்தியாவின் ரிசர்வ் வங்கி சென்மதி நிலுவையைக் காலாண்டுக்கு ஒரு முறையும் கையிருப்பை வாரத்துக்கு ஒரு முறையும் வெளியிடுகிறது. கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும்.

முதலில் நடைமுறைக் கணக்கின் நான்கு உறுப்புகளை எழுதுங்கள்: பொருள், சேவை, வட்டி–இலாபம், பணவனுப்பல். எது மாறியதால் மொத்தம் மாறியது என்று பாருங்கள். பற்றாக்குறை சுருங்கினாலே நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இலங்கையின் பற்றாக்குறை 2021இல் ஏறத்தாழ 3.3 பில்லியன், 2022இல் 1.5 பில்லியன். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. காரணம், இறக்குமதி 20.6 பில்லியனிலிருந்து 18.3க்கு இறங்கியது. மக்கள் வண்டியை நிறுத்தி, விறகு அடுப்புக்குத் திரும்பியதுதான் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. 2023இல் ஏறத்தாழ ஒன்றரை பில்லியன் உபரி வந்தது வேறு வகை: பணவனுப்பல் 6 பில்லியன் அளவுக்கு மீண்டது, சுற்றுலா 2 பில்லியனைத் தாண்டியது. அப்போதும் தனியார் வாகன இறக்குமதி மூடியே இருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அடுத்து நிதிக் கணக்கு. புதிதாக வாசிப்பவர் எல்லாரும் இங்கே ஒரு முறையாவது இடறுவார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி நிதிக் கணக்கு என்பது நாம் வெளியே வாங்கிய சொத்திலிருந்து நாம் பட்ட பொறுப்பைக் கழித்த தொகை. ஆகவே அங்கே கழித்தல் குறி இருந்தால் பணம் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள், வெளியே போனது என்றல்ல. இலங்கையின் அட்டவணை இந்த முறையில் இருக்கும். வரவு, செலவு என்று தனித்தனி நிரல் போடும் அட்டவணையில் இந்தக் குழப்பம் வராது. கட்டாமல் விட்ட வட்டியும் நடைமுறைக் கணக்கில் செலவாகவே பதிவாகும். நிதிக் கணக்கில் அது நிலுவையாக ஏறும். பணம் கைமாறாமலே எண்கள் நகர்வது இதனால்தான்.

பிறகு கையிருப்பு. ஆண்டு இறக்குமதியைப் பன்னிரண்டால் வகுத்து, அதனால் கையிருப்பை வகுத்தால் எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும் என்று தெரியும். 2021 முடிவில் 3.1ஐ 1.7ஆல் வகுத்தால் 1.8 மாதம். சீனப் பரிமாற்றத்தைக் கழித்துவிட்டு மறுபடி வகுங்கள், ஒரு மாதமும் தேறாது. மூன்று மாதம் என்பது பழைய அளவுகோல், அதுவும் போதாது. அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடனையும் பக்கத்தில் எழுதுங்கள். 2022இல் இலங்கை கட்ட வேண்டியிருந்தது ஏறத்தாழ 7 பில்லியன், அதில் ஜூலையில் மட்டும் 1 பில்லியன் முறி. 3.1ஐயும் 7ஐயும் 2021 டிசம்பரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எவருக்கும் ஏப்ரல் அறிவிப்பு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

கடைசியாக, வங்கி வீதத்துக்கும் வெளியே கிடைக்கும் வீதத்துக்கும் உள்ள இடைவெளி. எந்த அட்டவணையிலும் இது இருக்காது. வளைகுடாவில் இருக்கும் உறவினர் ஒருவரைக் கேட்டால் தெரியும். ஓரிரு ரூபாய் என்றால் வங்கி வழி நிலைக்கும். பத்தைத் தாண்டினால் அடுத்த மாத அறிக்கையில் பணவனுப்பல் குறைந்திருக்கும்.

2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலருக்கு 48 மாதத் திட்டத்தை ஒப்புக்கொண்டது. 2024 முடிவில் இலங்கையின் கையிருப்பு 6 பில்லியனைத் தாண்டியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. பிற நாட்டு அரசுகளிடம் வாங்கிய கடனின் முதலை 2028இலிருந்து கட்டத் தொடங்க வேண்டும். இனி வரும் மாத அறிக்கைகளை எடுக்கும்போது வாகன இறக்குமதி, பணவனுப்பல், கையிருப்பு என்ற மூன்று நிரலையும் ஒரே தாளில் எழுதி வாருங்கள். அந்த 2028க்குள் மத்திய வங்கி சந்தையில் டொலரைச் சொந்தமாக வாங்கிச் சேர்க்கிறதா, கடனாகப் பெற்றுச் சேர்க்கிறதா என்பது அந்தத் தாளிலேயே தெரியும்.